இதர

படிவத்துக்கு நாற்பது ரூபாய்.
கையெழுத்தோ கைநாட்டோ, நாற்பதுதான்.
பேனா என்னுடையது.
விம்கோ நகரில் இறங்கி
கன்டெய்னர் லாரி வரிசைக்கும் சாக்கடைக்கும் நடுவே
ஓராள் மட்டும் போகிற அகலத்தில் நடந்து
குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது
பரீட்சை அட்டையின் மேல் சாம்பல் உட்கார்ந்திருந்தது.
ஊதினேன்.
மறுபடி வந்து உட்கார்ந்தது.

கேள்வி ஒன்பது: குடும்பத் தலைவரின் தொழில்.
இறால் உரித்துக்கொண்டே கேட்டாள் தேசம்மா:
"இன்னிக்கா, முன்னேயா?"
இன்றைக்கு என்றேன்.
"இன்னிக்கு தூங்கிக்கினு கீறாரு. நைட்டு ஷிப்டு.
கேட்டாண்ட லாரி வந்தா விசில் ஊதணும்.
அவரு வல போட்ட எடத்துலதாம்மா அந்த கேட்டே கீது."

நான்கு கட்டங்கள்:
மீன்பிடி, கூலி, சம்பளம், இதர.
சம்பளம் என்று டிக் அடித்தால் இந்தக் குடும்பம் முன்னேறிவிட்டது.
மீன்பிடி என்றால் நஷ்டஈடு உண்டோ என்னவோ.
விசில் எதில் சேரும் என்று
ஒரு நாள் பயிற்சியில் சொல்லவில்லை.
டீயும் சமோசாவும் கொடுத்துவிட்டு
சூப்பர்வைசர் நந்தகோபால் சொன்னது இவ்வளவுதான்:
"காலியா விடாதீங்க, மெஷின் எடுத்துக்காது.
தெரியலைன்னா ஏதாவது கதை பண்ணுங்க."

கேள்வி பதினான்கு: மாத வருமானம்.
"ஆத்துல வெந்நீ வுடற நாள்ல ஒண்ணுங்கெடையாது.
மழ வுட்ட மூணாம் நாளு ஐநூறு வரும்.
சிப்பி கால கீசிடுச்சுன்னா பத்து நாளு படுக்க.
நீயே கூட்டிக்கம்மா, படிச்சவ."
கூட்டத் தெரியவில்லை.
ஐநூறை முப்பதால் பெருக்கினேன்.
எந்த ஆற்றிலும் இல்லாத ஒரு மாதம் வந்தது,
முப்பது நாளும்
மழை விட்ட மூன்றாம் நாள்.

கேள்வி இருபத்திரண்டு: திட்டத்தால் எதிர்பார்க்கும் நன்மை.
"எம்புள்ள யுவனேசுக்கு வேல குடுப்பாங்களா?"
வேலைவாய்ப்பு என்று எழுதினேன்.
கேள்விக்குறிக்கு இடமில்லை.

பிறகு அவள் என்னைக் கேட்டாள்,
"உனுக்கு மாசம் எவ்ளோ வருது?"
வீட்டில் ஆள் இருந்தால் நாற்பது,
பூட்டியிருந்தால் இல்லை,
மழையென்றால் வருவதேயில்லை என்றேன்.
"அப்போ உனுக்கும் ஏத்தம் வத்தம் பாத்துதான்"
என்று சிரித்தாள். வெற்றிலைப் பற்கள்.

கால் கிலோ இறால் நூறு என்றாள்.
எண்பதுக்குக் கேட்டேன். கொடுத்துவிட்டாள்.
எண்பது என்பது இரண்டு படிவம்.
பஸ்ஸில் பை ஒழுகி
முன்சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அன்றிரவு தண்டையார்பேட்டையில்,
கரண்ட் போய் வந்த பிறகு,
பூட்டியிருந்த மூன்று வீடுகளுக்கு
நானே குடும்பங்களை உண்டாக்கினேன்.
ஒருவனுக்குக் கடனே இல்லாமல் செய்தேன்.
ஒருத்தியை பிளஸ் டூ பாஸாக்கி
மணலியில் கணக்கு எழுத அனுப்பினேன்.
மூன்றாவது வீட்டுக்கு ஒரு ஃபிரிட்ஜ்;
கை தாராளமாகத்தான் வந்தது.
அவர்கள் யாருக்கும் இருமல் இல்லை.
கைநாட்டுகளுக்கு
என் இடதுகைப் பெருவிரல் போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நந்தகோபால்
அந்த மூன்றையும் தனியே எடுத்து
மற்ற பெண்களுக்குக் காட்டினார்:
இப்படி இருக்கணும், பாருங்க, அடித்தல் திருத்தல் இல்லாம.

தேசம்மா திரும்பி வந்துவிட்டாள்.
ஒன்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
இதர என்று டிக் அடித்து,
விவரம் குறிப்பிடவும் என்ற புள்ளிக்கோட்டில்
'முன்பு வலை போட்ட இடத்தில் இப்போது'
என்பது வரைதான் எழுத முடிந்திருக்கிறது.
கோடு ஒன்றரை அங்குலம்.

நாற்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.
திங்கட்கிழமைக்குள் சரிசெய்து தர வேண்டும்.
காகிதத்தில் இன்னும் இறால் வீச்சம்.
வெள்ளை மை பாட்டில் பதினைந்து ரூபாய்,
அதுவும் என்னுடையது.